எலும்போடு குடியிருக்கும் உலோகம்

அரூருக்கு அண்மையில் எழுந்து நிற்கும் தீர்த்தமலையை நாடி வருகிறவர்களில் பெரும்பாலோர், இராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய தீர்த்தங்களில் நீராடி, தீர்த்தகிரீசுவரரைத் தரிசித்துத் திரும்புகிறவர்களே. அவர்கள் மிதித்து ஏறும் மலை காந்தத்துக்கு இசையும் கருநிற இரும்புக் கல்லைத் தன்னுள் அடுக்கடுக்காகக் கொண்டது என்பதும், அக்காலச் சேலம் ஜில்லாவின் மண்ணையும் மலையையும் 1860-களில் ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினரான வில்லியம் கிங்கும் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும், ஜில்லாவின் இரும்புக் கல் இருப்பைச் சில பெருந்தொகுதிகளாக வகுத்தபோது, கஞ்சமலையோடும் கோதுமலையோடும் தீர்த்தமலையையும் தனியொரு தொகுதியாகக் குறித்தார்கள் என்பதும் சிலரே அறிந்த செய்திகள். இதே வட்டாரத்தில், அரூரிலிருந்து ஊத்தங்கரைப் பக்கமாக நீளும் நிலப்பரப்பின் பாறைகளில், ஈயச் சாம்பல் நிறத்தில் மினுங்கும் வேறொரு கனிமமும் கிடக்கிறது. மாலிப்டினம் என்னும் உலோகத்தைத் தரும் கல் அது. இரும்பும் மாலிப்டினமும் ஆகிய இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடங்களுள் ஒன்று, கால் முறிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவனின் தொடையெலும்பில் மருத்துவர் பொருத்தும் எஃகுத் தகடு. இன்றைய தருமபுரிப் பகுதியான தகடூர் நாட்டின் சரித்திரத்தை அரசர்களின் சரித்திரமாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதை ஓர் உலோகத்தின் சரித்திரமாகவும், அந்த உலோகம் மனித உடலுக்குள் குடியேறும் தகுதியை எப்படிப் பெற்றது என்னும் சரித்திரமாகவும் கூறுவதற்கு நிரம்ப இடமுண்டு.

இந்நாட்டில் இரும்பின் தொன்மையைப் பற்றிய எண்ணமே அண்மையில் மாறிவிட்டது. 2004-ஆம் ஆண்டு வரை தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்து, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் இரும்பு கிடைத்த மண்ணடுக்குகளின் காலம், கரிமக் கணக்கீட்டின்படி கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அம்மன்னனின் படைக்கலங்கள் பகைவரைத் தாக்கி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று கூறிய செய்தியைப் புறநானூறு நமக்குத் தருகிறது. வீரத்தின் புகழ்ச்சியாக நாம் படிக்கும் அந்தச் செய்தியிலேயே, இரும்பு முறியும், முறிந்தது திரும்பவும் உலைக்குப் போகும் என்னும் தொழிலறிவும் அடங்கியிருக்கிறது. மாவட்டமெங்கும் வயல்களிலும் ஏரிக் கரைகளிலும் நிற்கும் நடுகற்களில் வாளும் குறுவாளும் ஏந்திய வீரர்களைக் காண்கிறோம். அந்த வாளை அடித்த கொல்லனுக்கு நடுகல் இல்லை. அவனுடைய சின்னமாக எஞ்சியிருப்பவை கொல்லைகளில் ஏர் முனையில் இடறும் இரும்புக் கிட்டங்களே.

அவனுடைய தொழில்முறையைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஓடைகளில் மழைநீர் அரித்துச் சேர்த்த கருமணலையோ, இடித்துப் புடைத்த இரும்புக் கல்லையோ மரக்கரியோடு மாற்றி மாற்றி மண் உலையில் இட்டு, ஆட்டுத்தோல் துருத்திகளால் மணிக்கணக்கில் ஊதி, கிட்டம் வடிந்த பின் அடியில் தங்கும் நுண்துளை நிறைந்த இரும்புக் கட்டியைச் சம்மட்டியால் அடித்து அடித்துச் செறிவாக்குவது முதற்படி. அந்த இரும்பை உருக்காக மாற்றும் இரண்டாம் படியே தென்னாட்டுக் கொல்லர்களின் பெருமைக்குக் காரணமானது. கும்பினி அரசின் உத்தியோகத்தை விட்டு விலகி, பரங்கிப்பேட்டையில் 1830-ஐ ஒட்டி இரும்பு ஆலை கண்டவரும், சேலம் ஜில்லாவின் இரும்புக் கல்லை நம்பியே அந்த ஆலையை நடத்தியவருமான ஜோசையா மார்ஷல் ஹீத் அம்முறையைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். சிறு இரும்புத் துண்டுகளை மண் மூசையில் இட்டு, எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங் கட்டையை நறுக்கிச் சேர்த்து, மேலே எருக்கிலை ஒன்றிரண்டைப் பரப்பி, களிமண்ணால் வாயைப் பூசி உலர்த்துவார்கள். அவ்வாறு ஆயத்தமான 20 முதல் 24 மூசைகளை ஓர் உலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் இடைவிடாமல் ஊதுவார்கள். ஆறிய பின் மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி இருக்கும். ஆவாரங் கட்டையும் எருக்கிலையும் காற்றுப்புகாத வெம்மையில் கரியாகி, அந்தக் கரி இரும்பினுள் கரைந்து அதை உருக்காக்குகிறது என்பதை இரசாயன சாஸ்திரம் பின்னாளில் விளக்கியது. தருமபுரிச் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையும், தரிசில் யாரும் சீந்தாத எருக்கும் உலகத்தின் மிகச் சிறந்த எஃகு ஒன்றுக்கு மூலப்பொருள்களாக இருந்தன.

சேலம், மைசூர், தெலிங்கானா முதலான பகுதிகளில் இவ்வாறு வார்த்த உருக்கை ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்று வழங்கினர். பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலினஸ் ஸ்காட் என்பவர் 1794-இல் அதன் மாதிரிகளை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்ப, ஜார்ஜ் பியர்சன் அதைச் சோதித்து 1795-இல் அச்சபையில் கட்டுரை வாசித்தார். அங்கே ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளர் ஒருவர் இருந்தார். இரண சிகிச்சைக்குரிய கருவிகள் செய்வது அவர் தொழில். இந்தியாவிலிருந்து வரும் இந்த எஃகை ஐரோப்பாவின் தலைசிறந்த எஃகிலும் மேலானதாகத் தாம் கருதுவதாகத் தம் கடையின் விளம்பரச் சீட்டிலேயே அவர் அச்சிட்டுக்கொண்டார். டமாஸ்கஸ் வாள்களைப் பற்றி எத்தனையோ கதைகள் உலவுகின்றன. காற்றில் மிதக்கும் பட்டுத் துணியை அறுத்தது, கவசத்தைப் பிளந்தது என்பன போன்ற அக்கதைகளையெல்லாம்விட, நோயாளியின் உடலில் இறங்கும் கத்திக்கு நம் கொல்லர்களின் உருக்கே தகுந்தது என்று ஒரு லண்டன் தொழிலாளர் அச்சிட்ட அந்தச் சிறு சீட்டையே நான் பெரிதும் மதிக்கிறேன். குளோரோஃபார்மோ ஈதரோ வழக்கத்துக்கு வராத காலம் அது. நோயாளி விழித்திருக்கும்போதே அறுக்க வேண்டியிருந்தபடியால், கத்தியின் கூர்மை வேதனையின் அளவைத் தீர்மானித்தது.

ஸ்டோடார்ட் அதோடு நிற்கவில்லை. பின்னாளில் மின்சார சாஸ்திரத்தில் பெரும்புகழ் எய்திய மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து, ஊட்ஸின் இரகசியத்தை அறியும் பொருட்டு, எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், குரோமியம் முதலிய உலோகங்களைக் கலந்து உருக்கிப் பார்த்தார். 1820-லும் 1822-லும் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகள் உலோகக் கலவைகளை முறையாக ஆராயும் சாஸ்திரத்தின் தொடக்கங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. தென்னாட்டு மூசையொன்று கிளப்பிய கேள்விக்கு விடை தேடியவர்கள், துருப்பிடியாத எஃகுக்குச் செல்லும் பாதையில் தம்மையறியாமலே சில அடிகள் நடந்துவிட்டார்கள்.

அந்தப் பாதையின் அவசியத்தை உணர, கத்திக்கும் தகட்டுக்கும் உள்ள வேற்றுமையை நினைக்க வேண்டும். கத்தி சில நிமிஷங்கள் உடலைத் தொட்டுவிட்டு வெளியே வந்து, துடைக்கப்பட்டுப் பெட்டிக்குள் போகிறது. எலும்பில் திருகிய தகடோ மாதக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுதும், அங்கேயே தங்குகிறது. நம் உடலின் உட்புறம் 37 பாகை வெப்பத்தில் இருக்கும் உப்புநீர். இரும்புக்கு அதைவிடப் பகையான இடம் குறைவு. கரி மிகுந்ததனால் கூர்மை பெற்ற ஊட்ஸ், அதே காரணத்தாலும் குரோமியம் இல்லாமையாலும், உடலுக்குள் தங்கியிருந்தால் துருவேறிச் சுற்றியுள்ள தசையைப் புண்ணாக்கும். அசுவினி தேவர்கள் விச்பலை என்னும் வீராங்கனைக்கு இரும்புக் கால் கொடுத்ததாக ரிக் வேதம் கூறும் கதையிலும் உலோகம் உடலுக்கு வெளியே நிற்பதுதான். எலும்பு முறிவுக்கு நம்மவர் கண்ட வைத்தியமும் அத்தகையதே: மூங்கில் பத்தை, துணி, முட்டையின் வெண்கரு, உளுத்தம் மாவு ஆகியவற்றால் வெளியிலிருந்து இறுக்கிப் பிடித்து, எலும்பு தானாகக் கூடும்வரை காத்திருப்பது. புத்தூர்க் கட்டை நம்பிப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தில் இன்றும் பலர். சிதையாமல் முறிந்த எலும்பு அப்படிக் கூடிவிடுவதுண்டு. தொடையெலும்பு நொறுங்கியவனுக்கும், இடுப்பு மூட்டின் கழுத்து ஒடிந்த மூதாட்டிக்கும் அது போதாது.

ஹாம்பர்க் நகரத்து மருத்துவர் கார்ல் ஹான்ஸ்மன் 1886-இல் நிக்கல் பூசிய எஃகுத் தகட்டை எலும்பில் திருகினார். அடுத்த தலைமுறையில் லண்டனில் ஆர்பத்நாட் லேனும், 1912-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஷெர்மனும் தத்தம் பெயரால் தகடுகள் கண்டனர். ஷெர்மன் வனேடியம் கலந்த எஃகைத் தெரிந்தெடுத்தார். அது உறுதியாக இருந்தது, ஆயினும் துருப்பிடித்தது. சீழுக்குக் கிருமியே காரணம் என்று நெடுநாள் நம்பியிருந்த மருத்துவர்கள், கிருமியே இல்லாத இடத்திலும் தகட்டைச் சுற்றி எலும்பு கரைவதைக் கண்டு திகைத்தார்கள். 1930-களின் பிற்பாதியில் வெனபிள், ஸ்டக் என்னும் இருவர், இருவேறு உலோகங்கள் உடலின் உப்புநீரில் அருகருகே இருந்தால் மின்கலத்தில் போலவே அவற்றிடையே மின்னோட்டம் எழுந்து ஒன்று கரைகிறது என்று விலங்குகளில் நிரூபித்தபோதுதான் இந்தத் திகைப்பு நீங்கிற்று. ஒரு தகட்டுக்குத் திருகாணியும் அதே உலோகத்தால் ஆனதாக இருக்க வேண்டும் என்று இன்றும் வற்புறுத்தப்படுவது அதனால்தான்.

இதற்குள் உலோகத் துறையில் வேறு ஒரு காரியம் நிகழ்ந்திருந்தது. துப்பாக்கிக் குழாய்களின் தேய்மானத்தைத் தடுக்க முயன்ற ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரேர்லி 1913-இல் ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு அமிலத்துக்கு அசையாததைக் கண்டார்; ஜெர்மனியில் க்ரூப் ஆலையினர் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த எஃகுக்கு அதற்கு முந்திய ஆண்டே உரிமை பெற்றிருந்தனர். குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாக எஃகின் மேல் படிகிறது. கீறினாலும் அந்தத் தோல் கணத்தில் மீண்டும் வளர்ந்துவிடுகிறது. நாம் ‘எவர்சில்வர்’ என்று அடுக்களையில் வைத்திருக்கும் பாத்திரத்தின் சூட்சுமம் இதுவே. ஆனால் சமையலறைக்குப் போதுமான இந்தத் தோல் உடலுக்குள் போதவில்லை. இரத்தத்தில் உள்ள உப்பின் குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைத்தது. 1926-இல் இரண்டு முதல் நான்கு சதவீதம் மாலிப்டினம் சேர்த்த எஃகு வெளிவந்தது. அந்தச் சிறு சேர்க்கை குளோரைடின் துளைப்பைப் பெரிதும் தடுத்தது. அதன் வழிவந்து, கரியை 0.03 சதவீதத்துக்குள் அடக்கிய ‘316 எல்’ என்னும் எஃகே, நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் முறிந்த எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் தகடுகளுக்கும் ஆணிகளுக்கும் திருகாணிகளுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ‘காலில் ராடு வைத்திருக்கிறது’, ‘பிளேட் வைத்துத் தைத்தார்கள்’ என்று கிராமத்தார் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஊட்ஸின் உயிர்நாடியாக இருந்த கரி, இங்கே கூடியமட்டும் வெளியேற்றப்பட வேண்டிய பகையாகிவிட்டது.

அரூர்ப் பாறையின் கனிமம் இந்த இடத்தில்தான் நம் கதைக்குள் வருகிறது. நாட்டின் கணக்கில் உள்ள மாலிப்டின வளத்தில் தமிழ்நாட்டின் பங்கே பெரிது. ஆயினும் கல்லில் அதன் செறிவு மிகக் குறைவாதலால், இந்தியா தனக்கு வேண்டிய மாலிப்டினத்தை அயல்நாடுகளிலிருந்தே வரவழைத்து வருகிறது. தருமபுரி 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. பழைய தாய் ஜில்லாவில், கஞ்சமலையின் அருகே, 1981 முதல் சேலம் உருக்காலை துருப்பிடியாத எஃகுத் தகடுகளை உருட்டி வருகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே, தருமபுரி அடங்கிய பாராமகால் கும்பினியின் கைக்கு வந்த 1792-க்குப் பின் வந்த நூறாண்டுகளில், மலிவான சீமை இரும்பின் வரவாலும், கரிக்கு மரம் வெட்டக் கூடாதென்ற காட்டுச் சட்டங்களாலும் நாட்டு உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. உலைகள் அணைந்ததைவிட, உலையைப் பற்றிய அறிவு எழுதப்படாமலே அணைந்ததுதான் பெரிய நஷ்டம். ஹீத்தைப் போன்ற ஒருவர் எழுதாதிருந்தால் ஆவாரங் கட்டையின் அளவுகூட நமக்குத் தெரிந்திராது.

எஃகுக்கு வேறொரு குறையும் உண்டு: அது எலும்பைவிட ஏறத்தாழ பத்து மடங்கு விறைப்பானது. சுமையைத் தாங்கும் எலும்பே வலுக்கும், சுமையிழந்தது மெலியும் என்னும் நியதியை ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் நூலாக எழுதினார். விறைத்த தகடு சுமை முழுவதையும் தானே தாங்கிக்கொண்டால் அடியிலுள்ள எலும்பு நலிகிறது. எலும்பு கூடாமல் நீண்ட நாள் தகட்டையே நம்பி நடந்தாலோ, ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் அடிகள் எடுத்து வைக்கும் காலின் கீழ் அந்தத் தகடே சோர்ந்து முறிகிறது. அதியமானின் வேல் பகைவர்மேல் பாய்ந்த தாக்கில் சிதைந்தது. இது சிறு சிறு வளைவுகள் லட்சக்கணக்கில் சேர்ந்து முறிவது. எஃகில் ஏறத்தாழப் பாதி விறைப்பே உடைய டைட்டானியம் பின்பு அந்த இடத்துக்கு வந்தது. சுவீடன் தேசத்துப் பெர்-இங்வர் பிரானமார்க், 1950-களில் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றபோது, எலும்பு அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டுவிட்டதைக் கண்டார். 1965-இல் மனிதனின் தாடையில் அதை ஊன்றினார். டைட்டானியத்தின் மூலமான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறது.

உலோகத்தோடு உலோகம் உராயும் இடங்களுக்கு மெத்தென்ற துணை தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி 1958 முதல் டெஃப்லான் கிண்ணங்களை இடுப்பு மூட்டில் வைத்து, ஏறத்தாழ 300 நோயாளிகளுக்குப் பொருத்திய பிறகு, அவை சில ஆண்டுகளிலேயே தேய்ந்து எலும்பை அரிப்பதைக் கண்டு, தாம் வைத்தவற்றைத் தாமே ஒவ்வொன்றாக அகற்ற வேண்டியவரானார். அந்த நிலையில், லங்காஷயர் நெசவாலைகளின் தறிகளில் பயன்பட்டு வந்த பாலிஎதிலீன் வகையொன்றை வியாபாரப் பிரதிநிதி ஒருவர் கொண்டுவந்தார். சார்ன்லி அதை மதிக்கவில்லை. அவருடைய பட்டறைத் தொழிலாளர் ஹாரி கிரேவன் தாமாகத் தேய்மான இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தார். 1962 நவம்பரில் அது மனித உடலுக்குள் சென்றது. அதன் வழிவந்தவையே இன்றும் உலகெங்கும் மூட்டுகளில் அமர்ந்திருக்கின்றன. பட்டறைத் தொழிலாளரின் பிடிவாதத்துக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைத்த வேறு நிகழ்ச்சியை நான் அறியேன்.

அதே பாலிஎதிலீனைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் அவருடைய குழுவினரும் இதய வால்வின் தட்டுக்குப் பயன்படுத்தினர். ஆண்டுக்கு மூன்றே முக்கால் கோடி தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டிய உறுப்பு அது. முந்தைய மாதிரிகள் சோதனைகளில் தோற்றன, கோபால்ட் கலவைக் கூண்டும், பாலிஎதிலீன் தட்டும், பாலியெஸ்டர் துணி வளையமும் கொண்ட நான்காம் மாதிரியே 1990 டிசம்பர் 6-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது, டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து வருகிறது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992-இல் தொடங்கிய ஆரோலேப், ஹரால்டு ரிட்லி 1949-இல் லண்டனில் தொடங்கிவைத்த கண்ணுள் வில்லையை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்ததைத் தமிழர் நன்கு அறிவர்.

இத்தனை பொருள்களும் எந்த எலும்புக்குத் துணையாக வந்தனவோ, அந்த எலும்பையே தருமபுரியின் பாறை வேறு விதமாகத் தொட்டிருக்கிறது. கருங்கல்லிலும் அதன் இடுக்குகளிலும் உள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் எல்லையைப் பல ஊர்களில் கடந்துவிடுகிறது. பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் ஜில்லாவில் 1937-இல் ஷார்ட்டும் அவருடைய தோழர்களும் விவரித்த அதே நோய், பல் கறுத்தும், முதுகு விறைத்தும், முழங்கால் வளைந்தும், இந்த மாவட்டத்துக் கிராமங்களில் தலைமுறைகளைப் பற்றியது. எலும்பின் கனிமம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். செயற்கை மூட்டின் டைட்டானியத் தண்டுகளின் மேல் 1980-களிலிருந்து பூசப்படுவதும் அதே படிகம்தான். ஃபுளோரைடு அப்படிகத்துக்குள் புகுந்து வேறொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது எலும்பு அடர்ந்து வெளுத்து, எக்ஸ்ரே படத்தில் உறுதியானதுபோலத் தோன்றும். உண்மையில் அது எளிதில் நொறுங்கும். இரும்பு அடர்ந்திருந்தால் மட்டும் போதாது, பதமும் வேண்டும் என்று பழைய கொல்லன் அறிந்திருந்ததற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் திறக்கப்பட்டு, காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குப் போகத் தொடங்கியது. அதற்குப் பிறகு பிறந்து அந்த நீரையே குடித்து வளரும் பிள்ளைகளின் எலும்பு வேறாக இருக்கும். அதற்கு முன்பே ஆழ்கிணற்று நீரில் வளர்ந்து முதிர்ந்தவர்களின் எலும்பில் படிந்தது, எளிதில் வெளியேறாது. 2008-இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் எலும்பு மருத்துவம் பயிலும் மாணவர், எஃகையும் டைட்டானியத்தையும் பற்றிய பாடத்தோடு, தாம் துளையிடப் போகும் எலும்பு எந்த ஊரின் கிணற்று நீரில் வளர்ந்தது என்பதையும் கேட்டறிய வேண்டியவராக இருக்கிறார்.